குப்பைப் பட்டியலில் ஒரு நல்ல படம்

எங்கள் குடும்பத்தில் எக்ஸ்ரே எடுப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் வீட்டுக்காரர். அரசு மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே அறையில் வேலை. கை, கால், நெஞ்சு, முதுகு என்று நாளைக்கு அறுபது பேரைப் படம் பிடிப்பவர். இன்னொருவர் நான். நான் பிடிப்பது வானத்தை. அதையும் நானே பிடிப்பதில்லை. மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு தொலைநோக்கி பிடித்து அனுப்புகிறது, நான் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து அதைத் துடைக்கிறேன். உறவுக்காரர்களைப் பொறுத்தவரை அவர்தான் நிஜ எக்ஸ்ரே. ஒரு கல்யாண வீட்டில் என் பெரியப்பா முழங்காலை என் பக்கம் நீட்டி, "உன் மெஷின்ல இது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது பெரியப்பா, முழங்கால் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது என்றேன். "அப்ப எதுக்கு அவ்வளவு படிச்ச?" என்று சொல்லிக் காலை இழுத்துக்கொண்டார்.

அலுவலகத் தாள்களில் என் பதவி, பின்னணி நீக்கப் பகுப்பாய்வாளர். அலுவலக வாய்களில் என் பெயர் துடைப்பம். பாசத்தில்தான் அப்படிக் கூப்பிடுகிறார்களாம். தொலைநோக்கிக்குள் தறிகெட்டு வந்து மோதும் துகள்கள், கருவியின் சொந்த இரைச்சல், பக்கத்து நட்சத்திரத்தின் பளபளப்பு என்று எதெல்லாம் வேண்டாமோ அதையெல்லாம் கழித்துக் கொடுப்பது என் வேலை. கழித்தபின் மிஞ்சுவதற்குப் பெயர் கண்டுபிடிப்பு. அது மற்றவர்களுக்குப் போகும். கழித்ததற்குப் பெயர் குப்பை. அதற்கென்று ஒரு பட்டியல் உண்டு, அது எனக்கு. ஒன்பது வருடமாக வருடத்துக்கு ஒருமுறை என்னை நீட்டித்துக்கொண்டிருந்தார்கள், வாடகை வீட்டைப் போல.

எங்கள் தலைவரை நாங்கள் ஒளிவட்டம் என்போம், அவர் இல்லாதபோது. மனிதர் இருபது வருடமாகத் தேடியது ஒரே பொருளைத்தான். ஒவ்வொரு விண்மீன்திரளையும் சுற்றிச் சூடான வாயு பெரிய போர்வையாகப் போர்த்தியிருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. அதற்குப் பெயர்தான் ஒளிவட்டம், ஆனால் லேசில் கண்ணில் படாது. அதிலுள்ள ஆக்சிஜன் மெல்லிய எக்ஸ்ரே ஒளியாக மினுங்கும், அதைப் பிடித்தால் போர்வையைப் பிடித்த மாதிரி. மூன்று வருடத்துக்கு முன்னால் தனியாக நிற்கும் ஒரு விண்மீன்திரளைச் சுற்றி அந்த மினுங்கல் கிடைத்துவிட்டது. அன்று ஒளிவட்டம் நடைபாதையில் நடக்கவில்லை, மிதந்தார். எதிரில் வந்த துப்புரவுப் பணியாளருக்கும் கை கொடுத்தார்.

கட்டுரை எழுதி, திருத்தி, சண்டை போட்டு, மறுபடி எழுதி, ஒருவழியாகப் பெரிய ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அறிவிப்பு. வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது. கேக் சொல்லியாகிவிட்டது. படத்தில் அந்த வாயுவுக்கு என்ன நிறம் போடுவது என்று மட்டும் நான்கு கூட்டம் நடந்தது. எக்ஸ்ரேவுக்கு ஏது நிறம், நாம் போடுவதுதான். முதலில் ஆரஞ்சு போட்டோம். அடுப்பு மாதிரி இருக்கிறது என்றார் ஒளிவட்டம். நீலம் போட்டோம். கண்ணை மூடித் திறந்து, "இதான் தெய்வீகமா இருக்கு" என்றார்.

எனக்கும் இதில் ஒரு பங்கு வைத்திருந்தார்கள். கண்டுபிடிப்பு வெளியானால் அதற்கென்று தனிப் பிரிவு வரும், அதில் என் வேலை நிரந்தரமாகும். ஆர்டர் டைப் அடித்து அவருடைய மேசை இழுப்பறையில் தயாராக இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கையெழுத்து. இதை அவர் முந்தின வாரமே சொல்லிவிட்டார். நான் அன்றைக்கே போன் போட்டு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுதேன், அதில் வெட்கமில்லை. நான்கு வருடமாக நாங்கள் இரண்டு ஊரில் இரண்டு அடுப்பு எரிக்கிறோம். சனிக்கிழமை ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் வருவார், சாப்பிடுவார், தூங்குவார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்புவார். என் தெருமுனையில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவருக்கு இடம் இருந்தது. பாதிச் சம்பளம், நிரந்தரமும் கிடையாது. ஒருவருக்காவது நிலையான வேலை வேண்டும் இல்லையா? என் ஆர்டர் கைக்கு வந்ததும் அவர் அரசு வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம்.

திங்கட்கிழமை காலையில் ஆய்விதழிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த விண்மீன்திரளை நோக்கி எடுத்த எல்லாப் பதிவுகளின் அட்டவணையும் வேண்டும், பயன்படுத்தாதவை உட்பட, ஒவ்வொன்றுக்கும் காரணத்துடன். சும்மா ஒரு சடங்குக்குக் கேட்பது. ஒளிவட்டம் அதை எனக்கு அனுப்பி, "பத்து நிமிஷ வேலைம்மா" என்று எழுதியிருந்தார். உண்மையில் எட்டு நிமிடம்தான் ஆனது.

பதிவுகள் இரண்டே இரண்டு. ஒன்று, உலகத்தையே புரட்டப்போகிற பதிவு. இன்னொன்று அதற்கு ஏழு மாதம் கழித்து எடுத்தது, குப்பைப் பட்டியலில் இருந்தது. நீக்கிய காரணம்: கருவிக் கோளாறு. நீக்கியவர்: என் பெயரின் முதலெழுத்து. நாள்: ஒரு வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை என்றதும் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் குப்பைப் பட்டியலை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் மூடியாக வேண்டும். நான்கரைக்கு ஒளிவட்டம் என் மேசைப் பக்கம் வந்து, "அந்த ரெண்டாவது பதிவுல ஒண்ணுமே தெரியலம்மா, கருவி கெட்டிருக்கும் போல" என்றார். எனக்கோ அன்று வீட்டுக்காரர் வருகிறார் என்ற பரபரப்பு, சனிக்கிழமை விடுப்பு எடுத்து முந்தின நாளே கிளம்பியிருந்தார். பெட்டியில் ஒரு டிக் போட்டேன். பதிவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஊரார் அழுக்கையெல்லாம் உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிற மகராசி நான்.

இரண்டரை வருடம் கழித்து இப்போது திறந்தேன். கருவிக்கு ஒரு கேடும் இல்லை. துகள் மோதல் குறைவு, இரைச்சல் குறைவு, இந்த ஒன்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமான பதிவு என் கைக்கு வந்ததே இல்லை. விண்மீன்திரள் அழகாகத் தெரிந்தது. அதைச் சுற்றி மினுங்கல் மட்டும் இல்லை. துளிகூட இல்லை.

அந்த வாயுப் போர்வை எவ்வளவு பெரிது என்றால், ஒளியே அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக சில லட்சம் வருடம் ஆகும். அப்படிப்பட்டது ஏழு மாதத்தில் மடித்துப் பீரோவில் போய் உட்காராது. ஒரு படத்தில் இருந்து மறு படத்தில் இல்லையென்றால், அது அங்கே இல்லை, இங்கே பக்கத்தில் எங்கோ இருந்திருக்கிறது.

முதல் பதிவு எடுத்த நாளுக்கான சூரியக் காற்றின் கணக்கைத் தேடி எடுத்தேன். சூரியன் சும்மா இருப்பதில்லை, எந்நேரமும் துகள்களை ஊதிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்றில் ஆக்சிஜனும் வரும், எட்டு எலக்ட்ரானில் ஏழைப் பறிகொடுத்துவிட்டு, வெறி பிடித்த நிலையில். பூமியைச் சுற்றி ரொம்ப உயரத்தில், காற்று என்று சொல்லவே முடியாத அளவுக்கு மெல்லியதாக ஹைட்ரஜன் பரவியிருக்கிறது. ஆக்சிஜன் வந்ததும் அந்த அப்பாவி ஹைட்ரஜனிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்கிய குஷியில் எக்ஸ்ரேயாக மினுங்குகிறது. எங்கள் தொலைநோக்கி அந்த மினுங்கலுக்குள் நின்றுகொண்டுதான் தூரத்து வானத்தைப் பார்க்கிறது. அன்று அந்தக் காற்று வழக்கத்தைவிடப் பல மடங்கு அடர்த்தியாக, பதிவு தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஒரே சீராக வீசியிருந்தது. நான் துடைப்பதெல்லாம் திடீரென்று எகிறிக் குதிக்கிற அழுக்கைத்தான். சத்தம் போடாமல் முதலிலிருந்தே வந்து உட்கார்ந்திருந்ததை வீட்டு ஆள் என்று விட்டுவிட்டேன். ஆக, இருபது வருடத் தேடலில் நாங்கள் கண்டுபிடித்தது எங்கள் தலைக்கு மேலேயே நடந்த ஒரு பிடுங்கல்.

சாயங்காலம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பெரியப்பாவுக்குச் சொல்கிற மாதிரி மெதுவாக, முழுவதும் சொன்னேன். நான் முடித்தபிறகு போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இருக்கேன், இருக்கேன்" என்றார். "போன மாசம் ஒருத்தர் வந்தாரு. நெஞ்சுப் படத்துல வட்டமா ஒண்ணு. டாக்டர் பாத்துட்டு முகத்தத் தொங்கப் போட்டுட்டாரு. நான்தான் ஒரு நிமிஷம் சார்னு சொல்லி, அந்தாளு சட்டையக் கழட்டச் சொல்லி இன்னொரு படம் எடுத்தேன். ஒண்ணுமில்ல. பாக்கெட்ல ஏதோ வில்லை வச்சிருந்தாரு."

"அதுக்கு?"

"ரெண்டாவது படத்துல இல்லேன்னா அது நெஞ்சுல இல்ல, சட்டையில இருக்கு. அவ்வளவுதான். உன்னோட ஆளு சட்டையக் கழட்டாம எடுத்திருக்காரு."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. முனைவர் பட்டம், ஒன்பது வருட அனுபவம், நானூறு பக்க விதிமுறைப் புத்தகம், எல்லாவற்றையும் ஒரு சட்டைப் பாக்கெட்டில் போட்டுவிட்டார். அதைவிடக் கோபம், அவர் சொன்னது சரியாக இருந்தது.

"சொன்னா ஆர்டர் போயிடுங்க" என்றேன்.

"தெரியுது."

"திரும்பவும் சனி, ஞாயிறு, பஸ்."

"எனக்கென்ன, நான் இங்க நல்லாத்தான் இருக்கேன். ரெண்டாவது படத்த மறைச்சு வச்சுட்டு யாருக்கு என்ன சொல்லப் போற நீ? போய்ச் சாப்புடு."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு பேச்சுக்காவது, "இந்த ஒரு தடவை கண்டுக்காம விட்டுடேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சண்டை போட்டு, பழியை அவர்மேல் போட்டுவிட்டு, நிம்மதியாகத் தப்பு செய்திருப்பேன். இரண்டு ஊரில் இருப்பது அவருக்குப் பழகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். அன்று சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு ஒளிவட்டத்தின் அறைக்குப் போனேன். சுவர் முழுக்க நீலம். தெய்வீக வாயு ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. அவர் இரண்டு படங்களையும் பார்த்தார், சூரியக் காற்றின் கணக்கைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அவருக்கு விளங்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. கெட்டிக்கார மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம். அடுத்த அரை மணி நேரம் விளங்காத மாதிரி இருக்கத்தான் பாடுபட்டார்.

"ரெண்டாவது பதிவு கெட்டதுன்னு டிக் போட்டது யாரும்மா?"

"நான்தான் சார்."

"அப்ப உன் தீர்ப்புதான? இப்ப நீயே மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

"நான் திறந்தே பாக்கல சார். நீங்க சொன்னீங்க, போட்டுட்டேன்."

"நான் போலன்னுதான சொன்னேன். கெட்டிருக்கும் போலன்னு."

அதுவும் உண்மைதான். இருபது வருட ஆராய்ச்சியில் இவ்வளவு துல்லியமாக அவர் எதையும் நினைவு வைத்திருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு குரலை இறக்கினார். "அட்டவணையில பழைய காரணத்தையே போட்டு அனுப்பிடு. யாரும் திறந்து பாக்க மாட்டாங்க. அப்புறமா, அடுத்த வருஷம், நாமளே இன்னொரு கட்டுரை எழுதித் திருத்திக்கலாம். உன் பேரு முதல்ல." சொல்லிக்கொண்டே இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். என் ஆர்டர். "ஒண்ணுமில்ல, பேரெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பெயர், பதவி, நாள். நிரந்தரம் என்ற சொல்லைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தத் தாளின்மேல் கை வைத்தபோது எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நான் ஏதோ உத்தமி என்று நினைத்துவிடுவீர்கள். திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு டீ போடுவதைப் பற்றித்தான் நினைத்தேன். சரியாக இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எது சரியாக இருக்கிறது என்று அவரும் கேட்கவில்லை.

புதன்கிழமை ஐந்து மணிக்குள் அட்டவணை போக வேண்டும். காலையிலிருந்து அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரணத்துக்கான கட்டத்தில் தயாராக ஒன்பது காரணங்கள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்து டிக் போட்டால் போதும். கருவிக் கோளாறு, திசைக் கோளாறு, நேரம் போதாமை என்று வரிசையாக. பதிவு செய்தவர் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று ஒரு காரணம் இல்லை. இருந்திருந்தால் பட்டியலில் பாதிக்கு அதைத்தான் போட்டிருக்க வேண்டும். நான்கே முக்காலுக்கு, ஒன்பதாவதான "பிற" என்பதைத் தேர்ந்து எழுதினேன்: "பதிவு நன்றாக உள்ளது. நீக்கியது தவறு. தவறு என்னுடையது. முதல் பதிவின் ஒளி சூரியக் காற்றினுடையது." இரண்டு படங்களையும் இணைத்தேன். ஒளிவட்டத்துக்கும் ஒரு பிரதி போட்டேன். அனுப்பிவிட்டுக் கழிவறைக்குப் போய் நன்றாக அழுதேன். முகம் கழுவிக்கொண்டு பஸ் பிடித்தேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் பேனர் ஆடிக்கொண்டிருந்தது. கேக் வந்துவிட்டது. அதற்கு யாரும் கடிதம் எழுதி நிறுத்தவில்லை. மேலே நீலக் கிரீமில் அந்த வாயு ஒளிவட்டத்தை வரைந்திருந்தார்கள். ஆய்விதழ் காலையிலேயே கட்டுரையை நிறுத்தி வைத்துவிட்டது. தலைவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, தொழில்நுட்பக் காரணங்களால் அறிவிப்பு தள்ளிப்போகிறது என்று இரண்டு வரி பேசினார். வந்தவர்கள் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியவில்லை, கேக்குக்காக இருக்கலாம்.

மத்தியானம் அவர் என் மேசைக்கு வந்தார். பக்கத்திலிருந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு வயதாகியிருப்பது தெரிந்தது.

"உன் குப்பைப் பட்டியல்ல மொத்தம் எத்தன டிக் இருக்கு?"

"இருநூத்திப் பதினாலு சார்."

"எத்தன திறந்து பாத்துப் போட்ட?"

ஒன்பது வருடத்து வெள்ளிக்கிழமைகளையும் எண்ணிப் பார்த்து, "முக்கால்வாசி" என்றேன்.

"மிச்சம் நான் வந்து சொன்னதா?"

பட்டியலைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் தலையை ஆட்டினார். "பிரிவு வராதும்மா. அந்த ஆர்டர கிழிச்சுட்டேன். ஒரு வருஷம் நீட்டிக்கிறது மட்டும்தான் என் கையில இருக்கு. அத்தனையும் திற. ஒண்ணு விடாம. நானும் வந்து உக்காந்து பாக்குறேன்." எழுந்து இரண்டடி போய், திரும்பி, "அடுப்பு நிறமே பொருத்தமா இருந்திருக்கும்" என்றார். இருபது வருடத்தைக் கேக்கோடு சேர்த்து வெட்டிய மனிதர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

பத்தாவது ஒரு வருடத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஆறு மணிக்கு வீடு திரும்பினேன். வீட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். மாடிப்படியில் அவரே உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை. பக்கத்தில் இரண்டு பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், கயிறு கட்டிய டேபிள் ஃபேன், குக்கர். ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவதற்குக் குக்கரைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

"என்னங்க இது?"

"எழுதிக் குடுத்துட்டேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆர்டர் கைக்கு வரட்டும்னு பேசினோமே! எப்ப குடுத்தீங்க?"

"நீ போன வாரம் அழுதுகிட்டே சொன்னல்ல, அதுக்கு மறுநாள். வெள்ளிக்கிழமை."

நான் குக்கரின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊரார் நெஞ்சையெல்லாம் இரண்டு முறை படம் பிடிக்கிறவர், தன் வேலையை ஒரே படத்தை நம்பி எழுதிக்கொடுத்திருக்கிறார். அப்படியானால் திங்கட்கிழமை நான் போன் போட்டபோது அவருக்கு வேலை இல்லை. ஆர்டர் போய்விடும் என்று நான் சொன்னது யார் தலையில் இறங்கியது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னீங்க?"

"வேற என்ன சொல்றது?"

"வேலைய விட்டுட்டேன்னு சொல்றது! ஏன் சொல்லல?"

அவர் ஃபேனின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "சொல்லிருந்தா நீ டிக் போட்டிருப்ப."

போட்டிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். நான் எழுந்து கதவைத் திறந்து, குக்கரை உள்ளே எடுத்து வைத்தேன்.